மீன் பிடிக்க அந்தமான் எதுக்கு?

ஃபைனல் இயர் வந்துட்டா எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே பேச்சுதான்: ட்ரிப். கோவா, கொடைக்கானல், மூணாறு எல்லாம் பழசாயிடுச்சு. இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு, கடல் ஃபிஷிங். ரீல்ஸ்ல யாரோ ஒருத்தர் அந்தமான்ல படகு மேல நின்னு, ரெண்டு கையாலயும் தூக்க முடியாம ஒரு பாறை மீனைத் தூக்கிக் காட்டுறார். உடனே அந்தமானா ராமேஸ்வரமா, தலைக்கு எவ்வளவு, ராடு வாடகைக்குக் கிடைக்குமான்னு எக்செல் ஷீட் ஓப்பன் ஆகுது.

ட்ரிப்புக்கு நான் எதிரி இல்லை. நாலு வருஷம் லேப், இன்டர்னல், அரியர்னு ஓடின பிறகு ரெண்டு நாள் கடலைப் பார்த்துட்டு வர்றதுல என்ன தப்பு? என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ஆறு, கால்வாய், கடல் மூணும் சேர்ற ஒரு முகத்துவாரம் சென்னையிலேயே இருக்கு. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ போகுது. கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் எண்ணூர்லயே நிக்குது. எங்க ஊர் வள்ளூர்ல இருந்து இன்னும் பக்கம். அப்புறம் ஏன் அந்த எக்செல் ஷீட்ல எண்ணூர் ஒரு வரியாகூட வரலை?

"அங்க போய் எவன்டா மீன் பிடிப்பான்?"னு சிரிக்கிறீங்க இல்ல, அந்தச் சிரிப்பைப் பத்திதான் இந்தக் கட்டுரை. கடல் மீன்பிடி ட்ரிப்புக்கு ஒழுங்கா பிளான் போடத் தெரிஞ்சவங்க எண்ணூரைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க. அவங்களுக்குக் கோபம்தான் வரும். ஏன்னு சொல்றேன். முதல்ல ஒழுங்கான பிளான் எப்படி இருக்கும்னு பார்ப்போம்.

தேதி

நம்ம எல்லாரும் முதல்ல பார்க்குறது செமஸ்டர் லீவு. கடலுக்கு வேற காலண்டர். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் பண்ற காலம்னு விசைப்படகுகளைக் கரையில நிறுத்திடுவாங்க. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை கிடையாது. நம்ம சம்மர் லீவு சரியா இந்த 61 நாளுக்குள்ளதான் வந்து விழும். "காசு குடுங்க, பெரிய போட்லயே கூட்டிட்டுப் போறேன்"னு அந்த நேரத்துல யாராவது சொன்னா, அந்த ஆளோட எங்கயும் போகாதீங்க.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். அதுவும் சரிப்படாது. ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைதான் இந்தப் பக்கம் கடல் ஓரளவு அமைதியா இருக்கும். எந்த மாசமா இருந்தாலும் ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுற அலை எச்சரிக்கையைப் பார்க்காம கிளம்பக் கூடாது.

அடுத்தது ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகமா இருக்கும், அஷ்டமியை ஒட்டிக் குறையும். தண்ணி நகரும்போதுதான் மீன் இரை தேடும். அதனால தூண்டில்காரங்க கடிகாரத்தைவிட நிலாவைத்தான் நம்புவாங்க. சென்னைக் கடற்கரையில பெரிய ஓதத்துக்கே ஏற்ற இறக்கம் சுமாரா ஒரு மீட்டர்தான். இந்த ஒரு மீட்டரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இடம்

புதுசா தூண்டில் பிடிக்கிறவங்களுக்கு நடுக்கடலைவிட முகத்துவாரம்தான் நல்ல இடம். காரணம் சிம்பிள். இறால் கடல்ல முட்டை விடும், குஞ்சு இறால் உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகத்துக்குள்ள வந்து வளரும், பெருசானதும் திரும்பக் கடலுக்குப் போகும். அதைத் தின்ன கொடுவா வரும். மடவை கூட்டம் கூட்டமா உள்ளே வரும். நண்டு சேத்துல இருக்கும். ஒரு ஓதம் உள்ளே ஏறி, திரும்ப வெளியே இறங்குற வழியில சாப்பாட்டு பஸ் ஸ்டாண்டு மாதிரி எல்லாம் அங்கதான் கூடும்.

ஆள்

ராடு, ரீல், நரம்பு, முள், ஈயக்குண்டு எல்லாத்தையும் ஆன்லைன்ல வாங்கிடலாம். அந்தத் தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும், எங்க மணல் திட்டு, எங்க திடீர்னு பள்ளம்னு தெரிஞ்ச ஆளை வாங்க முடியாது. சென்னைக் குப்பங்கள்ல தெற்கே இருந்து வடக்கே ஓடுற நீரோட்டத்துக்குத் தெண்டின்னு பேர், வடக்கே இருந்து தெற்கே ஓடினா வன்னி. எந்த ஆப்லயும் இந்த வார்த்தை வராது. உள்ளூர் மீனவர் ஒருத்தரைக் கேட்டு, அவரோட ஒரு நாள் கூலியை முழுசாக் குடுத்து, அவர் சொல்ற இடத்துல நிக்கிறதுதான் சரியான பிளான். தண்ணி பார்க்க பொதுச்சொத்து மாதிரி இருக்கும். ஆனா பழவேற்காட்டுல எந்த இடத்துல யார் எந்த நாள் வலை போடணும்னு ஊர் ஊரா முறை வச்சுப் பிரிச்சுக்கிறாங்க. பாடுன்னு பேர். நாம பாட்டுக்குப் போய் நடுவுல தூண்டில் போட்டா அது இன்னொருத்தர் வீட்டுச் சாப்பாடு.

உயிர்

இதை மட்டும் கொஞ்சம் சீரியஸா படிங்க. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பழவேற்காட்டுல சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் அங்க சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. "நைசா ஏத்திட்டுப் போறேன், ஒண்ணும் ஆகாது"ன்னு இன்னைக்கும் யாராவது கூப்பிடலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகுல ஏறாதீங்க. தடை இருக்கிற இடத்துல லைஃப் ஜாக்கெட் இருந்தாலும் ஏறாதீங்க. கரையில நின்னே பிடிக்கலாம். குடிச்சிட்டுத் தண்ணியில இறங்குறதைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். காலேஜ் பசங்க கடல்ல போன செய்தி எல்லா வருஷமும் பேப்பர்ல வருது.

தேதி, இடம், ஆள், உயிர். அவ்வளவுதான் ஷீட். இப்ப இதே ஷீட்டை எண்ணூருக்குப் போட்டுப் பார்ப்போம்.

எண்ணூருக்குப் போட்டா என்ன வருது?

இடம்ங்கிற காலத்துல எண்ணூர் முழு மார்க் வாங்கியிருக்கணும். கொசஸ்தலை ஆறு வருது, பக்கிங்ஹாம் கால்வாய் சேருது, ரெண்டும் முகத்துவாரம் வழியா வங்கக் கடலுக்குப் போகுது. அலையாத்தி இருக்கு. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம்னு ஊர்ப் பேர்லயே மீன்பிடி இருக்கு. தண்ணியில உக்காந்து, சேத்துக்குள்ள கையை விட்டு இறாலைப் பிடிச்சு, பல்லால கடிச்சிருக்கிற பனையோலைப் பறிக்குள்ள போடுற இருளர் மக்கள் இன்னைக்கும் இருக்காங்க. ராடு இல்லை, வலை இல்லை, கைதான். உலகத்துல எந்த ஃபிஷிங் சேனல்காரன் பார்த்தாலும் வாயைப் பிளப்பான்.

ஆனா ஆழம்? நம்ம பாடத்துல இருந்தே ஒரு கணக்குப் போடலாம். வள்ளூர் அனல்மின் நிலையம் 500 மெகாவாட் யூனிட் மூணு, மொத்தம் 1500 மெகாவாட். ஒரு நாள் முழு லோடுல ஓடினா 3.6 கோடி யூனிட். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரின்னு வச்சா 25,000 டன். இந்திய நிலக்கரியில சாம்பல் 35 சதவீதம்னு வச்சா 8,750 டன் சாம்பல். லாரிக்கு 20 டன்னுன்னா தினம் 430 லாரிக்கு மேல. இது நானே போட்ட தோராயக் கணக்கு, நிலக்கரியைப் பொறுத்தும் லோடைப் பொறுத்தும் கூடும் குறையும். பக்கத்துலயே வடசென்னை அனல்மின் நிலையம், முதல் ரெண்டு கட்டம் மட்டுமே சேர்த்து 1830 மெகாவாட். அதுக்குத் தனியாக் கணக்குப் போடணும்.

இவ்வளவு சாம்பல் எங்கயாவது போய்த்தான் ஆகணும். கொஞ்சம் சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் போகும். மிச்சத்தைத் தண்ணியில கலந்து குழாய் வழியா சாம்பல் குளத்துக்கு அனுப்புவாங்க. அந்தக் குழாய் கசிஞ்சா சாம்பல் ஆத்துக்குள்ள. வடசென்னை அனல்மின் நிலையத்தோட சாம்பல் கழிமுகத்தை மூடுதுன்னு காட்டுக்குப்பம் மீனவர் ஒருத்தர் 2016-ல வழக்குப் போட்டார். 2022 ஜூலையில தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வு, டான்ஜெட்கோ இதுக்குப் பொறுப்புன்னு சொல்லி, சீரமைக்க உத்தரவு போட்டது. ஒரு குழாய்க் கசிவுக்குத் தீர்ப்பு வர ஆறு வருஷம். நாம ஒரு டிகிரியே நாலு வருஷத்துல முடிக்கிறோம்.

முன்னாடி சொன்ன ஒரு மீட்டர் ஓதம் இங்கதான் வருது. ஏற்ற இறக்கமே ஒரு மீட்டர்தான் இருக்கிற இடத்துல, தரை ரெண்டு அடி உயர்ந்தா என்ன ஆகும்? வத்தம் நேரத்துல படகு தட்டும். கடல் தண்ணி உள்ள ஏறுறது குறையும். தண்ணி மாறலைன்னா சூடும் அழுக்கும் தேங்கும். ரெண்டு அடிதானேன்னு நமக்குத் தோணும். கழிமுகத்துக்கு அதுதான் மூச்சு.

இறாலுக்கு வருவோம். கடந்த சில வருஷமா எண்ணூர்ல காக்கா ஆழின்னு ஒரு சிப்பி பரவிடுச்சு. அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கடலோரத்தைச் சேர்ந்தது. கப்பல்கள் பேலன்ஸுக்காக நிரப்பிட்டு வந்து இங்க கொட்டுற தண்ணியோட வந்திருக்கலாம்னு கருதுறாங்க. அது பாய் விரிச்ச மாதிரித் தரை முழுக்க ஒட்டிக்கும். சேறு இருந்த இடத்துல ஓடு. இறால் புதைய இடமில்லை, கையை விட்டுத் தேடவும் முடியாது. பழவேற்காடு பக்கமும் போயிடுச்சு. பறியைப் பல்லுல கடிச்சுட்டு இறங்குறவங்களுக்கு இதோட அர்த்தம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் எண்ணெய். 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி, எர்ணாவூர்க் கரையில தார் மாதிரி ஒதுங்கின எண்ணெயை வாளியால அள்ளின படங்கள் ஞாபகம் இருக்கும். அள்ளினவங்கள்ல நம்மள மாதிரி ஸ்டூடன்ட்ஸும் இருந்தாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி சிபிசிஎல் வளாகத்துல இருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக் கழிமுகத்துக்கு வந்ததுன்னு மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. கூழைக்கடா றெக்கையில எல்லாம் எண்ணெய். அதை அள்ள முதல்ல இறங்கினது அதே மீனவங்க, அதே படகு. அந்த மாசமே 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்கு அடியில போற உரத் தொழிற்சாலைக் குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சு, மக்கள் தூக்கத்துல இருந்து எழுந்து மூச்சுத் திணறி ஓடினாங்க.

ஆக ஷீட்ல 'உயிர்'ங்கிற காலத்துக்கு நாம எழுதுறது லைஃப் ஜாக்கெட். அங்க இருக்கிறவங்க எழுதணும்னா தினமும் வேற ஒரு லிஸ்ட் எழுதணும்.

"சரி, கரண்ட் வேணாமா?"

இதைக் கேட்காம இருக்க மாட்டீங்க. வேணும். இந்தக் கட்டுரையை நான் டைப் பண்ற லேப்டாப்பும் அதுலதான் ஓடுது. பிளான்ட்டை மூடுங்கன்னு நான் சொல்ல வரலை. ஒரு குழாயை நேரத்துக்கு மாத்துறதுக்கும் கரண்ட் தயாரிக்கிறதுக்கும் என்ன சண்டை? மெயின்டனன்ஸ்னு ஒரு பாடத்தை நமக்கு எதுக்கு வச்சிருக்காங்க? சாம்பலைப் பயன்படுத்தணும்னு மத்திய அரசோட முதல் அறிவிக்கை வந்தது 1999-ல, அதாவது நம்ம எல்லாரும் பிறக்கிறதுக்கு முன்னாடி. 2021 டிசம்பர் 31-ல வந்த புது அறிவிக்கை சாம்பல் 100 சதவீதமும் பயன்படணும்னு சொல்லுது. சட்டம் இருக்கு, டெக்னாலஜி இருக்கு. இல்லாதது எண்ணூர்ல இருக்கிறவங்களும் ஒரு ஸ்டேக்ஹோல்டர்ங்கிற நினைப்பு. புறம்போக்கு நிலம்னா யாருக்கும் சொந்தமில்லாத வேஸ்ட் இடம்ங்கிற அர்த்தம் நம்ம வாயில வசவாகவே மாறிடுச்சு. 2017-ல டி.எம். கிருஷ்ணா பாடின சென்னைப் புறம்போக்குப் பாடலை எண்ணூர்ல வச்சு எடுத்ததுக்குக் காரணமும் அதான்.

இன்னொரு எதிர்க்கேள்வி: "அப்ப எண்ணூர் மீனையே சாப்பிடக் கூடாதா?" இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கலை. எண்ணெய் கொட்டினப்ப எல்லாம் முதல்ல விழுந்தது மீன் வியாபாரம்தான். கடல்ல தூரமாப் போய்ப் பிடிச்சிட்டு வந்த வஞ்சிரத்தைக்கூட "எண்ணூரா? வேணாம்"னு தள்ளிட்டுப் போனாங்க. கசிய விட்டவங்களுக்குப் போக வேண்டிய தண்டனை, கூடை வச்சு உக்காந்திருக்கிற அக்காவுக்குப் போகுது. தண்ணியை டெஸ்ட் பண்ணி, எங்க பிடிச்சதைச் சாப்பிடலாம், எங்க கூடாதுன்னு தமிழ்ல, மாசா மாசம், குப்பத்து போர்டுலயே ஒட்டச் சொல்லிக் கேட்கணும். "எண்ணூர்னாலே விஷம்"னு மீம் போடுறது அதைவிட ஈஸி. அதனாலதான் மீம் மட்டும் வருது.

அப்ப என்னதான் பண்றது?

ட்ரிப் போங்க. அந்தமானும் போங்க, ராமேஸ்வரமும் போங்க. போற இடத்துல மேலே சொன்ன நாலு காலத்தையும் ஃபில் பண்ணிட்டுப் போங்க. குட்டி மீன் மாட்டினா முள்ளை எடுத்துட்டுத் திரும்ப விடுங்க. அறுந்த நரம்பைத் தண்ணியில போட்டுட்டு வராதீங்க, ஆமை கழுத்துல அதுதான் சுத்தும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் எண்ணூருக்குக் குடுங்க. காலையில லோக்கல் ட்ரெயின். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவுல பாலத்துல ட்ரெயின் போகும்போது ஜன்னல் ஓரம் உக்காந்து போன்ல இருந்து தலையைத் தூக்கிப் பாருங்க. எண்ணூர்ல இறங்கி, குப்பத்துல ஒரு பெரியவர்கிட்ட, "ஐயா, நீங்க சின்னப் பையனா இருக்கும்போது இங்க எவ்வளவு ஆழம்?"னு கேளுங்க. இதைக் கஷ்டத்தைப் பார்க்கப் போற டூரா ஆக்கிடாதீங்க. அவங்க வேலையை நிறுத்தி செல்ஃபி கேட்காதீங்க. நேரம் எடுத்துக்கிட்டா அதுக்குக் காசு குடுங்க. கரையில நின்னு தூண்டில் போடலாமான்னு கேட்டு, சரின்னா போடுங்க.

அடுத்தது நம்ம கையில இருக்கிற விஷயம். ஃபிஷிங் ட்ரிப்புக்குன்னு ஃபிஷ் ஃபைண்டர் வாடகைக்குத் தேடுறோமே, அது என்ன? சோனார். மீனைக் காட்டுறதுக்கு முன்னாடி அது ஆழத்தைத்தான் அளக்குது. அதை ஜிபிஎஸ்ஸோட சேர்த்து ஒரு நாட்டுப்படகுல கட்டி, மாசம் ஒரு தடவை கழிமுகத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தா, சாம்பல் எங்க ஏறுது, எங்க வாரினாங்கன்னு மேப்பே வந்துடும். சிவில்காரங்களுக்கு சர்வே, இசிஇ-க்கு சென்சார், கெமிக்கலுக்குத் தண்ணி டெஸ்ட், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அந்த மேப். வருஷா வருஷம் அதே ஸ்மார்ட் டஸ்ட்பின், அதே அட்டெண்டன்ஸ் ஆப்னு காப்பி அடிக்கிற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இது எவ்வளவோ மேல். என்ன அளக்கணும்னு முதல்ல குப்பத்துல கேட்டுட்டு ஆரம்பிங்க. ரிசல்ட்டைத் தமிழ்ல எழுதி அவங்க கையில குடுங்க. அடுத்த தடவை அவங்க தீர்ப்பாயத்துக்குப் போகும்போது "ஆழம் குறைஞ்சிடுச்சுங்க"ன்னு வாயால சொல்றதோட ஒரு மேப்பும் சேர்ந்து போகும்.

கடைசியா ஒண்ணு. நம்ம பேட்ச்ல எத்தனை பேர் இந்த பெல்ட்ல இருக்கிற பிளான்ட்லயும் துறைமுகத்துலயும் வேலைக்குப் போகப் போறோம்! இன்டர்வியூ முடியும்போது "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்பாங்க. எல்லாரும் ட்ரெயினிங் எத்தனை மாசம்னு கேட்போம். ஒருத்தராவது "சார், உங்க சாம்பல் எங்க போகுது? அந்தக் குழாயைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?"ன்னு கேளுங்க. வேலை கிடைச்ச பிறகும் கேட்டுக்கிட்டே இருங்க.